ஐந்து தோட்டா ரிவால்வருக்கு லேசர் பிடி: பொருத்தியதும் சரிசெய்ததும்

ஹூஸ்டன் நகரின் புறப்பகுதியில் சிறு மளிகைக் கடை ஒன்றை நடத்தி வருகிறேன். இரவு 11 மணிக்குக் கடையை அடைத்து, அன்றைய வசூலை எடுத்துக்கொண்டு தனியாகக் காருக்கு நடக்க வேண்டியிருப்பதால், கால்சட்டையின் வலது முன்பையில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 என்னும் சிறு ரிவால்வரை உறையோடு வைத்திருக்கிறேன். அதில் .38 ஸ்பெஷல் தோட்டாக்கள் ஐந்து கொள்ளும். குழலின் நீளம் 1.875 அங்குலம், அலுமினியக் கலவைச் சட்டம் என்பதால் வெற்றுத் துப்பாக்கியின் எடை 425 கிராமுக்குள் அடங்கிவிடும், தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியல் உடலுக்குள்ளேயே மறைந்திருப்பதால் பையிலிருந்து எடுக்கும்போது துணியில் சிக்காது. இத்துப்பாக்கிக்குச் சென்ற ஆண்டு லேசர் பிடி (இலக்கின்மேல் ஒளிப்புள்ளியைப் பாய்ச்சும் கைப்பிடி) ஒன்றைப் பொருத்தி, அதைக் குண்டு விழும் இடத்தோடு பொருந்தச் செய்து, பின்னர் அதில் நேர்ந்த பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்திய அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள 21 வயதுக்கு மேற்பட்டோர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை உடன் கொண்டுசெல்லலாம் என்றாலும், நான் உரிமத் தேர்வை எழுதித்தான் வாங்கினேன். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல், வேலை விசா போன்ற தற்காலிக விசாக்களில் இருப்போர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் சில விலக்குகள் தவிரப் பொதுவாகத் தடை செய்கிறது என்பதை நம்மவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

லேசரைப் பற்றி என்னை யோசிக்க வைத்ததே அந்த உரிமத் தேர்வுதான். அதில் மொத்தம் 50 குண்டுகள்: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. முதல் இரண்டு தொலைவிலும் எனக்குக் குறை இருக்கவில்லை. 15 கஜத்துக்கு நகர்ந்தபோது குண்டுகள் தாள் முழுவதும் சிதறின. தேர்ச்சிக்குரிய 70 விழுக்காட்டைத் தாண்டிவிட்டேன் என்றாலும், அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் விரித்துப் பார்த்தபோது மனம் நிம்மதி அடையவில்லை.

காரணம் இரண்டு. முதலாவது, துப்பாக்கியின் அளவு. குறிபார்ப்பதற்காகக் குழலின் நுனியில் உள்ள முன்குறிக்கும் பின்னால் உள்ள பின்குறிப் பள்ளத்துக்கும் இடையிலான தூரம் என் வெர்னியர் அளவியில் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர். முன்குறி பள்ளத்தின் நடுவிலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினாலும், 7 கஜத் தொலைவில், அதாவது ஏறக்குறைய 6.4 மீட்டரில், குண்டு 7 சென்டிமீட்டர் தள்ளி விழும். 15 கஜத்தில் அது 15 சென்டிமீட்டராகிவிடும். நீண்ட குழலுள்ள துப்பாக்கியில் அதே கைப்பிசகு பாதி அளவுக்கே வெளிப்படும். இரண்டாவது காரணம் என் கண். ஐம்பதைக் கடந்த பிறகு, கையை நீட்டிப் பிடித்த நிலையில் முன்குறி மங்கலான சாம்பல் நிறத் திட்டாகவே தெரிகிறது. வாசிப்புக் கண்ணாடியைப் போட்டால் குறி தெளிகிறது, எதிரே உள்ள இலக்கு கலங்குகிறது. இரவு 11 மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடியை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. லேசர் புள்ளி இலக்கின்மேலேயே விழுவதால், கண் ஒரே தொலைவில் நிலைத்திருந்தால் போதும் என்பது என்னைப் போன்றவர்களுக்கு மிகப் பெரிய உதவி.

கையடக்கத் துப்பாக்கிகளுக்கான லேசர்கள் பொதுவாக மூன்று வடிவங்களில் கிடைக்கின்றன. ருகர் எல்சிபி போன்ற குட்டிப் பிஸ்டல்களுக்கு, விசைக்காப்பு வளையத்தை (சுடும் விசையைச் சுற்றியுள்ள வளையம்) கவ்விப்பிடிக்கும் வகை ஏற்றது. குழலுக்கு அடியில் உள்ள சுருள்வில்லின் வழிகாட்டித் தண்டையே லேசராக மாற்றும் வகையும் உண்டு. ரிவால்வருக்குப் பொருந்துவது பிடியோடு இணைந்த லேசர். இருந்த பிடியைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் இதைப் பூட்டிவிடலாம், துப்பாக்கியின் உடலில் எந்த வெட்டும் துளையும் தேவையில்லை. 1994-இல் ஆரிகன் மாநிலத்தில் தொடங்கப்பட்ட கிரிம்சன் டிரேஸ் நிறுவனம் இவ்வகைப் பிடிகளால்தான் பெயர் பெற்றது. இன்று வேறு பலரும் லேசர்க் குறிகளைச் செய்கிறார்கள். சிறு பிஸ்டல்களில் இப்போது மேற்புறத்தில் பொருத்தும், தமக்குள்ளேயே சிவப்புப் புள்ளியைக் காட்டும் ரெட் டாட் கண்ணாடிகள் லேசரின் இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்டன. ஆயினும் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்க வேண்டிய ரிவால்வரின் தலையில் கண்ணாடிப் பெட்டி ஒன்றைச் சுமத்துவது அதன் பயனையே கெடுக்கும் என்பது என் கருத்து.

நான் வாங்கியது சிவப்பு லேசர். ஒரே ஆற்றலில் பச்சை நிறம் நம் கண்ணுக்குப் பன்மடங்கு பிரகாசமாகத் தெரியும், ஏனெனில் பகலொளியில் மனிதக் கண்ணின் உணர்திறன் 555 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியே உச்சத்தில் இருக்கிறது. ஆனால் பச்சை லேசர் பேட்டரியை விரைவாகத் தீர்க்கும், விலையும் கூடுதல். எனக்குத் தேவை இரவிலும் மங்கிய வெளிச்சத்திலும்தான் என்பதால் சிவப்பே போதும் என்று முடிவு செய்தேன். இந்த நாட்டில் விற்கப்படும் இத்தகைய லேசர்களின் ஆற்றல் 5 மில்லிவாட்டுக்குள் அடங்கும். அந்த அளவும் கண்ணுக்குள் நேராகப் பாய்ந்தால் கேடுதான். ஆகவே கண்ணாடி, தொலைக்காட்சித் திரை, சன்னல் ஆகிய பளபளக்கும் பரப்புகளை நோக்கி ஒருபோதும் ஒளிரவிடக் கூடாது.

பிடியைப் பொருத்தும் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. அந்த விரைவே பின்னால் எனக்குத் தொல்லையாயிற்று. சிலிண்டரை (தோட்டாக்கள் இடும் சுழல் உருளை) திறந்து ஐந்து அறைகளையும் விரலால் தொட்டுப் பார்த்து, தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். பழைய ரப்பர்ப் பிடியின் திருகைக் கழற்றியதும், உள்ளே சட்டத்தின் இடுக்குகளில் கால்சட்டைப் பையின் பஞ்சும் பழைய எண்ணெயும் சேர்ந்து கறுப்பு மெழுகுபோல் படிந்திருந்தது. அதை மேலோட்டமாகத் துடைத்துவிட்டு, பேட்டரிகளைப் போட்டு, புதிய பிடியின் இரு பாதிகளையும் சட்டத்தோடு பொருத்தித் திருகைக் கைக்குக் கடினமாகப்படும் வரை இறுக்கினேன். இதில் சிஆர்2032 என்னும் பட்டன் பேட்டரிகள் இரண்டு உண்டு. நடுவிரல் பதியும் இடத்தில் ரப்பருக்கு அடியில் அழுத்துவிசை இருக்கிறது. பிடியை இயல்பாகப் பற்றினாலே புள்ளி ஒளிரும். லேசரின் வாய் வலப்பக்கப் பிடியின் மேல் ஓரத்தில், சிலிண்டருக்குச் சற்றுப் பின்னால் அமைந்திருக்கிறது. குழலின் மையக்கோட்டிலிருந்து வலப்புறம் 2 சென்டிமீட்டர், கீழே 1.2 சென்டிமீட்டர் என்று அளந்து குறித்துக்கொண்டேன். பிறகு நேர்ந்த எல்லாவற்றையும் புரிந்துகொள்ள இந்த இரண்டு அளவுகளே உதவின.

லேசரும் குழலும் ஒரே கோட்டில் இல்லாததால், இரண்டும் எந்தத் தொலைவில் சந்திக்க வேண்டும் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். நான் 7 கஜத்தைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே புள்ளியும் குண்டும் ஒன்றாக இருந்தால், 3 கஜத்தில் புள்ளி குண்டுக்கு வலப்புறம் ஒரு சென்டிமீட்டரே விலகியிருக்கும். 15 கஜத்துக்குச் சென்றால் கோடுகள் ஒன்றையொன்று கடந்துவிட்டிருக்கும். குண்டு புள்ளிக்கு வலப்புறம் 2 சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகவும், ஈர்ப்பு விசையையும் சேர்த்துக் கணக்கிட்டால் கீழே இரண்டரை சென்டிமீட்டராகவும் விழும். என் கையின் நடுக்கமே அதைவிடப் பெரிது என்பதால் இந்த விலகல் என்னைப் பாதிக்காது. இரு கோடுகளையும் எங்கும் சந்திக்காமல் இணையாகவே ஓடவிடுவோரும் உண்டு. நீண்ட தொலைவுக்கு அது நல்ல வழி. கைக்கெட்டும் தொலைவுக்கான துப்பாக்கிக்கு நான் அதை விரும்பவில்லை.

முதல் முயற்சியில் நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். தோட்டா அறைக்குள் நுழைத்தால் குழலின் வழியே ஒளியைப் பாய்ச்சும் லேசர்த் தோட்டா ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி, வீட்டிலேயே சுவரில் இரு புள்ளிகளையும் ஒன்றாக்கிவிட்டால் குண்டுகளைச் செலவழிக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். மில்லிமீட்டர் சுத்தமாகப் பொருத்திக்கொண்டு சுடுதளத்துக்குப் போனால், 7 கஜத்தில் மணல்பைமேல் கையை ஊன்றிச் சுட்ட ஐந்து குண்டுகளும் புள்ளிக்கு 6 சென்டிமீட்டர் மேலே கூட்டமாக விழுந்தன. குண்டு குழலைவிட்டு வெளியேறுவதற்குள்ளாகவே பின்னுதைப்பு குழலின் வாயை மேல்நோக்கித் தூக்கத் தொடங்கிவிடுகிறது என்பதே காரணம். எடை குறைந்த துப்பாக்கியில் குழல் இவ்வாறு எழும்புவது அதிகம். அசையாமல் நிற்கும் குழல் நோக்கும் திசையும், குண்டு உண்மையில் கிளம்பும் திசையும் ஒன்றல்ல. ஆகவே லேசர்த் தோட்டாவை வைத்துச் செய்யும் சரிக்கட்டல் தாளுக்குள் குண்டை விழச் செய்வதற்கு மட்டுமே உதவும்.

அதன்பின் முறையாகத் தொடங்கினேன். முதலில் லேசரை அணைத்துவிட்டு, வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முன்குறியையும் பள்ளத்தையும் மட்டும் நம்பி ஐந்து குண்டுகள் சுட்டேன். 158 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 10 கிராம், எடையுள்ள குண்டுகள் குறியை ஒட்டியே விழுந்தன. அடுத்து, குறிகளை நேராகப் பிடித்தபடியே லேசரை ஒளிரவிட்டு, புள்ளி முன்குறியின் தலைமேல் உட்காரும்வரை லேசரின் திருகுகளைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தேன். பாதி வேலை இதிலேயே முடிந்துவிட்டது. இதற்கான ஆலன் சாவி (அறுகோண முனையுள்ள திருகுச் சாவி) நூல் ஊசியைவிடச் சற்றே தடிமனானது, 0.028 அங்குலம், அதாவது 0.7 மில்லிமீட்டர். கீழே விழுந்தால் கம்பளத்தில் தேடிப் பிடிக்க முடியாது என்பதால் அதன் தலையில் மஞ்சள் நாடா ஒன்றைக் கொடிபோல் ஒட்டிவைத்தேன். பக்கவாட்டுக்கு ஒரு திருகு, மேல்கீழுக்கு ஒரு திருகு. ஒவ்வொரு முறையும் முழுச் சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் திருப்பக் கூடாது. திருப்பிய பிறகு சாவியை எடுத்துவிட்டே பார்க்க வேண்டும், ஏனெனில் சாவி துளைக்குள் இருக்கும்போது அதன் அழுத்தத்திலேயே புள்ளி சற்று நகர்ந்து நிற்கிறது. துப்பாக்கியை ஒவ்வொரு முறையும் காலி செய்து, சிலிண்டரைத் திறந்து மேசையில் வைத்த பிறகே சாவியைக் கையில் எடுத்தேன்.

இங்கே பலருக்கு ஒரு குழப்பம் வரும். குறியைத் திருத்துகிறோம் என்றால் குண்டைப் புள்ளிக்கு இழுப்பதாகத் தோன்றும்; ஆனால் குண்டு விழுந்த இடத்துக்குப் புள்ளியை நகர்த்துவதே நாம் செய்யும் வேலை. குண்டுகள் இடப்புறம் கூடியிருந்தால் புள்ளியையும் இடப்புறம் கொண்டுபோக வேண்டும். ஒரு குண்டை வைத்துத் திருத்தாமல், ஐந்து குண்டுகளின் நடுப்பகுதியைக் கண்டு திருத்த வேண்டும். மூன்று சுற்றுகளில், அதாவது 15 குண்டுகளில், புள்ளி குண்டுக்கூட்டத்தின் நடுவே வந்து நின்றது. பின்பு 110 கிரெய்ன் எடையுள்ள இலகுவான குண்டுகளைச் சுட்டுப் பார்த்தபோது அவை 3 சென்டிமீட்டர் கீழே விழுந்தன. இலகுவான குண்டு குழலைவிட்டு விரைவாக வெளியேறிவிடுவதால், குழல் தூக்குவதற்கு அதற்குப் போதிய நேரம் கிடைப்பதில்லை. ஆகவே பையில் எந்தத் தோட்டாவை வைத்துக்கொள்ளப் போகிறோமோ அதை வைத்தே லேசரைச் சரிசெய்ய வேண்டும். தோட்டாவை மாற்றினால் மறுபடியும் சுட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

அந்த மகிழ்ச்சி இரண்டு வாரம் நீடித்தது. அடுத்த முறை சுடுதளத்தில் முதல் 25 குண்டுகள் முடிந்ததும் கூட்டம் புள்ளிக்கு மேலே இடப்புறமாக 6 சென்டிமீட்டர் விலகத் தொடங்கியது. முதலில் என் கையையே சந்தேகித்தேன். குறியைப் பார்த்துச் சுட்டால் குண்டுகள் சரியாகவே விழுந்தன. ஆகவே நகர்ந்தது லேசர்தான் என்பது உறுதியாயிற்று. சரிக்கட்டும் திருகுகள் தளர்ந்துவிட்டன என்று எண்ணி, மீண்டும் சாவியை எடுத்துத் திருத்தினேன். அடுத்த பத்துக் குண்டுகளில் மறுபடியும் விலகிற்று. அப்போதுதான் பிடியைக் கையால் முறுக்கிப் பார்க்கத் தோன்றியது. வலப்பக்கப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆனால் விரலுக்குத் தெளிவாகத் தெரியும் அளவு அசைந்தது. பிடி அரை மில்லிமீட்டர் அசைந்தால் போதும். லேசர் பெட்டியின் நீளம் குறைவென்பதால் 7 கஜத்தில் அது சென்டிமீட்டர்க் கணக்கில் பெருகிவிடும்.

வீட்டுக்கு வந்து பிடியைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. நான் மேலோட்டமாகத் துடைத்துவிட்ட அந்தக் கறுப்புப் படிவு, சட்டத்தின் கீழ்முனையில் பிடியை நிலைநிறுத்தும் சிறு முள்ளைச் சுற்றி அப்படியே இருந்திருக்கிறது. அதன்மேல் பிடி உட்கார்ந்ததால், திருகை இறுக்கியபோது பிடி சட்டத்தைக் கவ்வாமல் அழுக்கைத்தான் கவ்வியிருக்கிறது. ஒவ்வொரு பின்னுதைப்பிலும் அழுக்கு நசுங்க, திருகு தளர்ந்திருக்கிறது. பல் துலக்கும் பழைய பிரஷ்ஷையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையும் கொண்டு சட்டத்தை உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்தேன். பிடியை மறுபடி வைத்து, திருகை ஒரேயடியாக முறுக்காமல், சிறிது இறுக்கி, பிடியை உள்ளங்கையால் அழுத்தி உட்கார வைத்து, மீண்டும் சிறிது இறுக்கி, இவ்வாறு நான்கு முறையில் முடித்தேன். திருகு கழலாமலிருக்க நீல நிறப் பசையை ஊற்றலாம் என்று ஒருவர் சொன்னார். அப்பசை சில பிளாஸ்டிக் வகைகளில் விரிசலை உண்டாக்கும் என்பதை அறிந்திருந்ததால் அதைத் தவிர்த்தேன். அதற்குப் பதிலாக, திருகின் தலையிலிருந்து பிடிவரை சிவப்பு நகப்பூச்சில் மெல்லிய கோடு ஒன்றை இழுத்தேன். திருகு அசைந்தால் கோடு முறியும்; பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். இன்றுவரை அந்தக் கோடு முறியவில்லை.

இனி, இந்த லேசரால் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பயனைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அது சுடுதளத்தில் கிடைத்ததன்று, வீட்டில் தோட்டா இல்லாமல் செய்த வெற்றுப் பயிற்சியில் கிடைத்தது. இந்த ரிவால்வரின் விசை இழுவை என் அளவியில் 12 பவுண்டுக்குச் சற்று மேல். துப்பாக்கியின் எடை ஒரு பவுண்டுகூட இல்லை. தன் எடையைப்போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேற்பட்ட விசையால் இழுக்கப்படும் பொருள் கைக்குள் அசையாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்பதைக் முன்குறியைப் பார்த்து நான் ஒருபோதும் உணர்ந்ததில்லை. லேசர் அதைக் காட்டிக்கொடுத்தது. செங்கல் சுவரை ஒட்டி, ஒரு சென்டிமீட்டர்க் கட்டம் போட்ட தாளை மாட்டி, 5 மீட்டர் தள்ளி நின்று, அறைகளில் டம்மி தோட்டாக்களை இட்டு விசையை இழுத்தேன். இழுவையின் முதல் முக்கால் பங்கு வரை புள்ளி ஒரு கட்டத்துக்குள் நடுங்கியபடி நின்றது. சுத்தியல் விழுவதற்குச் சற்று முன், வெட்டுக்கிளிபோல் இடப்புறம் கீழே மூன்று கட்டம் தாவியது. இருபது முறை இழுத்தேன்; பதினேழு முறை அதே திசையில் அதே தாவல். 15 கஜத்துத் தாளில் நான் கண்ட சிதறலின் விளக்கம் அந்தக் கட்டத்தாளில் இருந்தது.

இடப்புறத் தாவலுக்குக் காரணம் விரலின் நுனியால் இழுத்தது. வலக்கைக்காரர் நுனிவிரலால் கடினமான விசையை இழுத்தால் அது துப்பாக்கியை இடப்புறம் தள்ளும். முதல் கணுவின் மடிப்பு விசையில் பதியும்படி விரலைச் சற்று உள்ளே கொண்டுபோனதும் பக்கவாட்டுத் தாவல் பெரும்பாலும் அடங்கிவிட்டது. கீழ்நோக்கிய தாவலை அடக்க இரண்டு மாதம் ஆயிற்று. ஆட்காட்டி விரல் இழுக்கும்போது மற்ற மூன்று விரல்களும், மாட்டின் மடியைப் பீய்ச்சுவதுபோல், தாமும் சேர்ந்து இறுகுகின்றன. லேசரின் விசை நடுவிரலுக்கு அடியிலேயே இருப்பதால், புள்ளி அணைந்துவிடுமோ என்று அந்த விரலை அழுத்தும் பழக்கம் வேறு சேர்ந்துகொண்டது. இயல்பான பிடியின் அழுத்தமே லேசருக்குப் போதும். அதற்கென்று தனியாக அழுத்தவே கூடாது. முதலில் பிடியை முழுமையாக இறுக்கிவிட்டு, அதன் பிறகு ஆட்காட்டி விரலை மட்டும் நகர்த்தப் பழகினேன். ஒவ்வோர் இரவும் 25 இழுவை, அதற்கு மேல் இல்லை.

இப்பயிற்சியில் ஓர் அபாயமும் உண்டு. புள்ளி எப்போதும் நடுங்கிக்கொண்டேதான் இருக்கும். எந்த மனிதரின் கையும் கல்லன்று. நடுங்கும் புள்ளி இலக்கின் நடுவைக் கடக்கும் கணத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று மனம் துடிக்கும். அந்தக் கணத்தில் விசையை வெடுக்கென்று இழுத்தால் குண்டு எங்கோ போய்விழும். நான் முதல் மாதம் முழுவதும் இப்படித்தான் புள்ளியைத் துரத்தினேன்; சுடுதளத்தில் என் கூட்டம் லேசர் இல்லாதபோது இருந்ததைவிடப் பெரிதாயிற்று. நடுக்கத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு, விசையை ஒரே சீராக இழுத்து முடிப்பதே வழி. அதைப் பழக, ஐந்து இழுவைக்கு ஒருமுறை லேசரை முழுவதுமாக அணைத்துவிட்டுக் குறியை மட்டும் பார்த்து இழுத்தேன். இன்று நின்று சுடும்போது 7 கஜத்தில் என் ஐந்து குண்டுகள் ஏறத்தாழ 8 சென்டிமீட்டருக்குள் அடங்குகின்றன. முன்பு 14 சென்டிமீட்டர். இந்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு, லேசரை அணைத்துச் சுட்டாலும் அப்படியே நிற்கிறது.

வலப்பக்க லேசருக்கே உரிய குறை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சுடும் முடிவுக்கு வரும்வரை ஆட்காட்டி விரலை விசையில் வைக்காமல், சட்டத்தின் பக்கவாட்டில் நீட்டி வைக்க வேண்டும் என்பது மீறக் கூடாத விதி. வலக்கைக்காரர் அப்படி நீட்டும்போது விரல் நேரே லேசரின் வாயை மறைத்துவிடுகிறது; விரலின் முதுகு சிவப்பாக ஒளிர்கிறதே தவிர, சுவரில் புள்ளி இல்லை. புள்ளியைக் காண்பதற்காக விரலை விசைக்குக் கொண்டுபோவது மிகத் தவறான பழக்கம். நான் விரலைச் சிலிண்டருக்குக் கீழே, விசைக்காப்பு வளையத்தின் மேல்விளிம்பை ஒட்டித் தாழ்த்தி வைக்கப் பழகினேன். பாதுகாப்பும் கெடவில்லை, லேசரின் ஒளி செல்லவும் வழி கிடைத்தது. இது உடனே கைவராது. சில நூறு முறை வெற்றுத் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துப் பழகிய பிறகே விரல் தானாக அங்கே போகத் தொடங்கியது.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜூலை மாத நண்பகலில் திறந்தவெளிச் சுடுதளத்தில் பழுப்பு அட்டையின்மேல் புள்ளியை 3 கஜத்தில் தேடித்தான் கண்டேன். 5 கஜத்தில் இழந்தேன். 7 கஜத்தில் அது இல்லவே இல்லை. அதே புள்ளி, கடைக்குப் பின்னால் உள்ள சோடியம் விளக்கு வெளிச்சத்தில், துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டுக் கழற்றிய பிடியை மட்டும் கையில் பிடித்துச் சுவரில் பார்த்தபோது, 25 கஜத்துக்கும் தெளிவாகத் தெரிந்தது. பகலில் இரும்புக் குறி, இரவில் லேசர் என்று மனத்தில் பிரித்துக்கொண்டேன்.

செப்டம்பரில் ஒரு காலை, துப்பாக்கியைப் பெட்டகத்திலிருந்து எடுத்துப் பற்றியபோது புள்ளி வரவில்லை. பேட்டரி போட்டு ஐந்து மாதமே ஆகியிருந்தது. தொடர்ந்து ஒளிர்ந்தால் நான்கு மணி நேரத்துக்கு மேல் நிற்கும் என்ற கணக்கில், என் பயிற்சிக்கு அது ஓராண்டு வந்திருக்க வேண்டும். மின்தொடர்புத் தகடுகளை மல்டிமீட்டரால் சோதித்தேன். குறை ஒன்றும் இல்லை. புதிய பேட்டரி போட்டேன். மறுநாள் காலை அதுவும் செத்திருந்தது. அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டுப் பெட்டகத்தின் கதவை ஒரு விரல் அளவு மட்டும் திறந்து வைத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பு வெளிச்சம். பெட்டகத்துக்குள் துப்பாக்கி உட்கார நான் வெட்டிய ஸ்பாஞ்சுப் பள்ளம், பிடியின் முன்பக்கத்தைச் சரியாக நடுவிரல் இருக்குமிடத்தில் அழுத்திக்கொண்டிருந்தது. கோடை வெப்பத்தில் ஸ்பாஞ்சு சற்று உப்பியிருக்க வேண்டும். கத்தியால் அந்த இடத்தை இரண்டு விரல் அகலம் வெட்டி எடுத்ததும் தொல்லை தீர்ந்தது. இறுக்கமான கால்சட்டைப் பையிலும் இதே நேரலாம் என்பதால், பையிலிருந்து இரவில் உறையோடு எடுக்கும்போது ஒளி கசிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

லேசர் வாயின் கண்ணாடியைத் துடைப்பது சிறு வேலைதான். ஆனால் விட்டுவிட்டால் புள்ளி புள்ளியாக இராது. ஒரு மாதம் பையில் இருந்த பிறகு வட்டமான புள்ளி வால்முளைத்த நட்சத்திரம்போல் பரவியது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் பையின் நீல நூலிழை ஒன்று எண்ணெயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் ஒருமுறை சுழற்றினால் போதும். துப்பாக்கியைச் சுத்தம் செய்யும் கரைப்பானை அதன் அருகில் கொண்டுபோகக் கூடாது. குழலுக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள இடைவெளியிலிருந்து சிதறும் கரியும் இங்கே வந்து படிகிறது. ஆகவே சுடுதளத்திலிருந்து திரும்பிய ஒவ்வொரு நாளும் துடைக்கிறேன். எண்ணெய் இட்ட பிறகு குழலின் வாய் கீழ்நோக்கும்படி ஓர் இரவு வைத்தால், மிகுதி எண்ணெய் பிடிக்குள் இறங்காது.

இந்தப் பிடியில் பேட்டரியை மாற்றப் பிடியைக் கழற்றியாக வேண்டும். கழற்றினால் திருத்தம் கலையும். செப்டம்பரில் பேட்டரி மாற்றிய பின் சுட்டுப் பார்த்தபோது கூட்டம் புள்ளிக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கீழே இருந்தது. எட்டில் ஒரு சுற்று ஒருமுறை திருப்பியதில் சரியாயிற்று. இப்போது ஆண்டுக்கு ஒருமுறை, தீர்ந்ததோ தீரவில்லையோ, பங்குனி மாதத்தில் இரு பேட்டரிகளையும் மாற்றிவிடுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். மாற்றும் அன்றே ஒரு பெட்டித் தோட்டாவுடன் சுடுதளத்துக்குப் போவேன்: முதல் ஐந்து குண்டு குறியால், அடுத்த ஐந்து லேசரால், இரண்டு தாளிலும் தேதி. பேட்டரி மாற்றிய நாளைச் சிறு நாடாவில் எழுதிப் பிடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். ஆலன் சாவியை அதே மஞ்சள் கொடியோடு பெட்டகக் கதவின் உள்பக்கத்தில் காந்தத்தில் மாட்டியிருக்கிறேன்.